தலைக்குக் குளித்த நாள்

அன்று வெள்ளிக்கிழமை. துளசிமணி எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்திருந்தாள். ஈரக் கூந்தலைத் துண்டோடு சேர்த்து முறுக்கிக் கட்டிக்கொண்டு, அடுப்படியில் நின்றபடியே இரண்டு தோசையைத் தின்றாள். சென்னியப்பன் வண்டியை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு மூன்றாவது முறையாகக் குரல் கொடுத்தார்.

"வர்றனுங்க. தலை காயறதுக்குள்ள இப்படிப் பறக்கறீங்க."

"ஈரத்தலையோட வண்டியில வந்தா சளி புடிக்காதா?"

"புடிச்சாப் புடிக்கட்டும். உங்க எத்தியோப்பியாவுல பொம்பளைங்க தலைக்கே குளிக்க மாட்டாங்களாட்ட இருக்குது. பதிமூணு மாசத்துல எல்லாத்தையும் மறந்துபோட்டு வந்து நிக்கறீங்க."

அவர் சிரித்துவிட்டார். திருப்பூரில் அவர் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கு எத்தியோப்பியாவில் ஒரு கிளை இருந்தது. அங்கே கட்டிங் மாஸ்டராகப் போய்விட்டு ஊர் திரும்பி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. துளசிமணி அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். வண்டியில் போகும்போது துண்டைத் தாண்டி வழிந்த தண்ணீர் அவர் சட்டை முதுகை நனைத்தது.

கம்பெனி வாசலில் ஒரு வெள்ளை வேன் நின்றது. பெண்கள் வரிசையில் நின்று யாரையோ கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"தேதிப்பெட்டி வந்திருக்குதாம்" என்றாள் துளசிமணி. "ஒரு சொட்டு ரத்தம். நானும் குடுத்துட்டுப் போயிடறேன். நீங்க சாயங்காலம் வர்றப்ப வெண்டைக்காய் வாங்கிட்டு வாங்க. முத்தினதா வாங்கிட்டு வந்துராதீங்க."

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து ஓடினாள். உள்ளர்த்தம் எதுவும் இல்லாமல் அவர்கள் இருவருக்கும் இடையில் நடந்த கடைசிப் பேச்சு வெண்டைக்காயைப் பற்றியது. இதைப் பிற்பாடு பலமுறை அவர் நினைத்துப் பார்த்திருக்கிறார்.

அந்தப் பெட்டிக்கு அரசாங்கம் வைத்த நீளமான பெயர் ஒன்று உண்டு. யாரும் அதைச் சொன்னதில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால், அதிலுள்ள எதிர்ப்புச் செல்களைப் படித்து, உடலுறவில் தொற்றும் எச்.பி.வி. கிருமி உடம்பில் இருக்கிறதா, இருந்தால் எந்தக் காலத்திலிருந்து இருக்கிறது என்று சொல்லிவிடும். கிருமியின் வயதைச் சொன்னதால் தேதிப்பெட்டி.

அன்று மாலை துளசிமணி வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே விவரம் சொன்னாள்.

"கல்யாணம் ஆன பொம்பளைங்கள்ல முக்காவாசிப் பேருக்கு எப்பவாச்சும் வந்துட்டுப் போற கிருமியாமுங்க. வந்தது தெரியாது, போனதும் தெரியாது. உடம்பே வெரட்டிப்போடுமாம். வெரட்டாம வருசக்கணக்கா உள்ளயே குந்தியிருந்தாத்தான் கர்ப்பப்பை வாயில கேன்சரா மாறுமாம். அதுக்குத்தான் பொட்டி. பழசா இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போகோணும், புதுசா இருந்தா சும்மா இருந்தாப் போதும்."

"உனக்கு?"

அவள் ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள். 'கிருமி: உண்டு. வந்து: ஐந்து மாதம். காத்திருக்கலாம்.'

"புதுசுதானாம். தானாப் போயிரும். ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டச் சொன்னாங்க." அவள் முகத்தில் தேர்வில் தேறிய பிள்ளையின் களை இருந்தது.

சென்னியப்பன் சீட்டை இரண்டு தடவை படித்தார். ஊர் திரும்பி இரண்டு மாதம். கிருமிக்கு வயது ஐந்து மாதம்.

"அப்ப நான் ஊர்ல இல்லையே?" என்றார்.

அவர் கேட்டது அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. கோபப்படவும் இல்லை. துளசிமணி நறுக்குவதை நிறுத்தினாள். கேள்வி எங்கே போய் முட்டுகிறது என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சீட்டை அவர் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்தாள். வெண்டைக்காயை வதக்கினாள். சோறு போட்டாள்.

ஆறு மாதம் கழித்து வேன் வந்தபோது அவள் போகவில்லை. அடுத்த முறையும் போகவில்லை. ஒன்றரை வருடம் கழித்து நிற்காத உதிரப்போக்கோடு கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கட்டி கர்ப்பப்பையைத் தாண்டிப் பரவியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடம் இருந்தாள். வார்டில் ஒருநாள், கேட்காமலே, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கே புரியலீங்க. பொட்டி எப்படிங்க பொய் சொல்லும்? ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"விடு துளசி" என்றார் அவர்.

நம்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். 'விடு' என்றுதான் வாயில் வந்தது. அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவளை நம்பினாரா, பெட்டியை நம்பினாரா என்று யாராவது கேட்டிருந்தால், இரண்டையும் என்றுதான் அவர் சொல்லியிருப்பார். அப்படி இரண்டையும் நம்பிக்கொண்டே ஒரு மனிதன் வருடக்கணக்கில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்க முடிகிறது.

அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் தாரகைக்கு இப்போது இருபத்தாறு வயது. பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் வேலை. மகிழ்நன் என்று கூட வேலை பார்க்கும் பையன். இருவருக்கும் வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடிந்திருந்தது. நொய்யல் ஆற்றில் சாயம் கலக்காமல் தண்ணீர் ஓடத் தொடங்கி, ஜனங்கள் அதை வேடிக்கை பார்க்கப் பாலத்தில் நின்றுகொண்டிருந்த காலம் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தாரகை தன் கைப்பையை மேசைமேல் கொட்டி எதையோ தேடிக்கொண்டிருந்தாள். உதவி செய்வதாகப் பேர் பண்ணிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்த சென்னியப்பன் கையில் அந்தச் சீட்டு சிக்கியது. 'கிருமி: உண்டு. வந்து: மூன்று மாதம். காத்திருக்கலாம்.'

"ஏம்ப்பா, பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"இது எப்ப எடுத்தது கண்ணு?"

"அதுவா? அஞ்சு மாசம் ஆச்சு. ஆபீஸ் கேம்ப்புல எடுத்தது. அடுத்த மாசம் மறுபடியும் பாக்கணும்." அவள் தேடுவதை நிறுத்தவில்லை. "ஸ்கூல்ல ஊசி போட்டாங்கல்ல, அதுல அடங்காத வகை ஒண்ணாம். நூறு பேருக்கு வந்தா தொண்ணூறு பேருக்கு ரெண்டு வருசத்துல தானாப் போயிரும்ப்பா. இதுக்கெல்லாம் மூஞ்சியை இப்படி வெச்சுக்காதீங்க."

"உங்கம்மாவுக்கும் இதேதான் எழுதியிருந்துச்சு."

தாரகையின் கை நின்றது. "அம்மாவுக்குப் பெட்டியில பாத்தாங்களா?"

அந்தச் சீட்டு வந்து கழிந்த ஒன்பது வருடத்தில் அவர் மகளிடம் சொல்லாத விஷயம் அது ஒன்றுதான். உள்ளே போய்ப் பீரோவிலிருந்து துளசிமணியின் ஆதார் அட்டை உறையைக் கொண்டுவந்தார். நான்காக மடித்த சீட்டு அதற்குள் இருந்தது. மகள் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது நடக்காதேப்பா. அஞ்சு மாசக் கிருமி ஒன்றரை வருசத்துல அந்த மாதிரிக் கட்டியா மாறாது. பத்து வருசம், பதினஞ்சு வருசம் ஆகற சீக்கு இது. அம்மாவுக்குப் பெட்டி தப்பாச் சொல்லியிருக்குது."

"அப்படியும் இருக்குமா?"

"இருந்தா," என்று தாரகை தன் சீட்டைக் கையில் எடுத்தாள், "எனக்கும் தப்பாச் சொல்லியிருக்கும்."

மறுநாளே இருவரும் வார்டு சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். அங்கே செவிலியர் ஜமுனா இருந்தார். கும்பகோணத்துக்காரர். கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருடம். கம்பெனி கம்பெனியாக வேனில் போனவர் அவர்தான். துளசிமணியை அவருக்கு நினைவில்லை. சீட்டைப் பார்த்ததும் எண்ணைத் தட்டிப் பழைய பதிவை எடுத்துவிட்டார்.

"பெட்டியில கோளாறு இல்லீங்ணா. வருசா வருசம் சோதிச்சு முத்திரை போட்டுத்தான் அனுப்பறாங்க. உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா யாரோ ஒருத்தருக்கு ஒரு தடவை தப்பாயிருக்கலாம்."

சென்னியப்பன் முப்பத்தைந்து வருடம் துணி வெட்டியவர். தப்பான பீஸ் ஒன்று செக்கிங்கிலிருந்து திரும்பி வந்தால் அவர் அந்தப் பீஸைப் பார்ப்பதே இல்லை. அது எந்த பண்டிலில் இருந்தது என்றுதான் கேட்பார்.

"சிஸ்டர், ஒரு பீஸ் மட்டும் கோணலா இருந்தா டெய்லர் தப்பு. பண்டிலே கோணலா இருந்தா எங்க அளவு அட்டை தப்பு. துளசிகூட அன்னைக்கு எத்தனை பேர் குடுத்தாங்க? அந்தப் பண்டில் முழுசையும் காட்டுங்க."

"பேர் காட்டக் கூடாதுங்ணா."

"பேர் வேண்டாம். புதுசு, பழசு மட்டும் காட்டுங்க."

ஜமுனா திரையை அவர் பக்கம் திருப்பினார். அந்த வெள்ளிக்கிழமை அறுபத்தொரு பேர் ரத்தம் கொடுத்திருந்தார்கள். கிருமி இருந்தது ஏழு பேருக்கு. ஏழும் புதுசு.

"ஒண்ணுகூடவா பழசு இல்லை?" என்றாள் தாரகை.

"இருக்கறதுதான்" என்றார் ஜமுனா. ஆனால் குரலில் இழுவை இருந்தது. அடுத்த முகாமை எடுத்தார். புதன்கிழமை. ஒன்பதில் நான்கு பழசு. அதற்கடுத்தது வெள்ளி. எல்லாம் புதுசு. ஒரு செவ்வாய். ஒன்றைத் தவிர எல்லாம் புதுசு. வியாழன். பாதி பழசு. மீண்டும் ஒரு வெள்ளி. ஜமுனா விரலை எடுத்துவிட்டார்.

"இது என்னடா கூத்து? கிருமி என்ன கிழமை பாத்தா வருது?"

"கிருமி பாக்காது" என்றார் சென்னியப்பன். "வேற யாரோ கிழமை பாக்கறாங்க. பெட்டி என்ன பண்ணும்னு ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க."

ஜமுனா மூலையிலிருந்த பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மிக்சி அளவுதான் இருந்தது. "விரலைக் குத்தும். அப்புறம் ஒரு கேள்வி கேக்கும். பொம்பளைங்க உடம்புல எதிர்ப்புச் செல்லு மாசத்துல ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது, ஏறும் எறங்கும். அதனால மாசத்துல இது எத்தனாவது நாள்னு அதுக்குத் தெரியணும். அந்த நாளை வெச்சுத்தான் கணக்குப் போடும். வெக்கப்படாம பதில் சொல்லட்டும்னு பெட்டியைத் திரைக்கு அந்தப் பக்கம் வெச்சிருவோம். நாங்க உள்ள போக மாட்டோம்."

"கேள்வியைக் கேக்க வைங்க."

ஜமுனா பொத்தானை அழுத்தினார். தமிழாசிரியை போன்ற ஒரு குரல், ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்தி, மரியாதையாகக் கேட்டது: "தாங்கள் தலைக்குக் குளித்து எத்தனை நாள் ஆகிறது?"

சென்னியப்பனுக்கு முதுகில் ஈரம் பட்டது போல இருந்தது.

"அன்னைக்குக் காலையிலதான் குளிச்சா" என்றார். "வெள்ளிக்கிழமையாச்சே."

"ஐயோ, அந்தக் குளியல் இல்லீங்ணா. அது வந்து, மாசாமாசம் பொம்பளைங்க..." ஜமுனா பாதியில் நின்றார். வாய்மேல் கை போனது.

"நானும் ஞாயித்துக்கிழமையைத்தான் கணக்கு வெச்சுச் சொன்னேன்" என்றாள் தாரகை. அவள் குரல் சன்னமாகியிருந்தது. "ஷாம்பு போட்டுக் குளிச்சது ஞாயித்துக்கிழமை. ரெண்டு நாள் ஆச்சுன்னு சொன்னேன். தலையில பேன் இருக்கான்னு பாக்கறாங்களோன்னு நாங்கெல்லாம் சிரிச்சோம்."

"எங்க ஊர்ப் பக்கம் விலக்காகி எத்தனை நாள்னு இப்படித்தான்டி கேப்பாங்க. டாக்டரம்மாவே இப்படித்தான் கேக்கும். பட்டவர்த்தனமா கேக்கக் கூடாது, கௌரவமா கேக்கணும்னு யாரோ படிச்சவங்க இந்தச் சொல்லை எடுத்துப் போட்டிருக்காங்க."

"இங்க யாருங்க அதை அப்படிச் சொல்றாங்க? தூரம்பாங்க. தேதிம்பாங்க. நாங்க பீரியட்ஸ்னு சொல்றோம். தலைக்குக் குளிக்கறதுன்னா சீயக்காய்தான்."

"அட கெரகமே" என்றார் ஜமுனா. இருபது வருடத்தில் இந்த ஊரிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட சொல் அது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "விலக்கு முடிஞ்ச அந்த ரெண்டு மூணு நாள் ரத்தத்துல எதிர்ப்புச் செல்லு கொறச்சலா இருக்கும்னு பெட்டிக்குச் சொல்லி வெச்சிருக்கு. கொறச்சலா இருக்க வேண்டிய நாள்ல இவ்வளவு இருக்கேன்னு பாத்து, அப்ப இது புதுச் சண்டை, கிருமி இப்பத்தான் வந்திருக்குன்னு முடிவு பண்ணிக்கும். செவ்வாயும் வெள்ளியும் காலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு வந்த அத்தனை பேருக்கும் காத்திருக்கலாம், காத்திருக்கலாம்னு..."

வெளியே தடுப்பூசிக்கு வந்த ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"துளசியோட ரத்தத்துல இருந்த அளவு இன்னும் அதுக்குள்ள இருக்குதுங்களா?" என்று சென்னியப்பன் கேட்டார்.

"இருக்கு. ஆனா அவங்க நிஜத் தேதி இப்ப யாருக்குத் தெரியும்?"

"எல்லாத் தேதியும் போட்டுப் பாருங்க. அதுக்கு முன்னாடி பதிமூணு மாசம் நான் எத்தியோப்பியாவுல இருந்தனுங்க."

ஜமுனா ஒவ்வொரு நாளாக மாற்றி மாற்றிப் போட்டார். பெட்டி ஒவ்வொன்றுக்கும் சலிக்காமல் பதில் சொன்னது. விலக்கு முடிந்ததை ஒட்டிய அந்தச் சில நாளைத் தவிர மற்றதெல்லாம் வேறு கணக்கு. கடைசியில் நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்களுக்கு விலக்கு நேரமா இருந்திருந்தா வேனுக்கே வந்திருக்க மாட்டாங்க, வர வேண்டாம்னு முன்னாடியே சொல்லிருவோம். முடிஞ்ச கையோட வந்திருந்தா பெட்டி சொன்ன அஞ்சு மாசம் நிஜமா இருக்கணும், அஞ்சு மாசக் கிருமி ஒன்றரை வருசத்துல அப்படிக் கட்டியாகாது. அதை விட்டுட்டு எந்த நாளைப் போட்டாலும் பதினோரு வருசத்துக்குக் குறையலீங்ணா. எத்தியோப்பியா, அது இதுன்னு நீங்க சொன்னதுக்கெல்லாம் வெகு முன்னாடி."

"பதினோரு வருசமா?"

"பதினோரு வருசம்."

"குறையாதா சிஸ்டர்?"

"குறையாதுங்ணா."

அவர் இன்னொரு முறையும் கேட்டார். ஜமுனா இன்னொரு முறையும் சொன்னார். ஒன்பது வருடமாக நெஞ்சுக்கூட்டில் ஒரு மூலையில் இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று கையை விட்டது. மூச்சு இத்தனை ஆழம் போகும் என்பதையே அவர் மறந்திருந்தார். அந்த மூச்சு வெளியே வரும்போதே அதற்குப் பின்னால் வெட்கமும் வந்தது. அழுகையும் வந்தது. துளசிமணிக்கு அவர் எதைக் கொடுத்திருக்க வேண்டுமோ அதை ஒரு மிக்சி அளவுப் பெட்டி கொடுக்க வேண்டியிருந்தது.

"எத்தியோப்பியா எதுக்குப்பா இதுல வருது?" என்றாள் தாரகை.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் உங்கம்மாவை ஒரு கேள்வி கேட்டேன் கண்ணு. நான் ஊர்ல இல்லாதப்ப இது எப்படி வந்துச்சுன்னு."

தாரகை புரிந்துகொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை. "அதனாலதான் அம்மா மறுபடியும் போகலையா?"

"ஆமா."

"ஆறு மாசத்துல போயிருந்தா கண்டுபுடிச்சிருப்பாங்கல்ல?"

"புடிச்சிருப்பாங்க."

திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

"அதைப் பத்தி அப்பறம் பேசிக்கலாம்ப்பா" என்றாள். "பேசணும். ஆனா இப்ப இல்ல. இப்ப எனக்குப் பயமா இருக்குது." அவர் கைமேல் கையை வைத்தாள்.

ஜமுனா எழுந்தார். பெண்ணைத் தனியே அழைத்துப் போய்த் திரைக்குப் பின்னால் மாதிரி எடுத்துக் கோவைக்கு அனுப்ப முத்திரையிட்டார். கர்ப்பப்பை வாயிலிருந்து நேராக எடுப்பது. எந்தக் குளியலும் அதை ஏமாற்ற முடியாது. பிறகு விரலையும் ஒருமுறை குத்தினார். தாரகை தன் கைப்பேசியில் குறித்து வைத்திருந்த சரியான தேதியைச் சொன்னாள். பெட்டி வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. அல்லது அவர்களுக்கு அப்படித் தோன்றியது.

'கிருமி: இல்லை. வந்து: இரண்டு ஆண்டு ஐந்து மாதம். நீங்கி: இரண்டு மாதம்.'

"போயிருச்சா?" என்று கேட்டபோது சென்னியப்பன் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"போன மாதிரிதான் சொல்லுது. ஆனா இந்தப் பொட்டியை இன்னைக்கு நான் நம்பறதா இல்ல" என்றார் ஜமுனா. "கோயம்புத்தூர்க்காரன் சொல்லட்டும்."

கோயம்புத்தூர்க்காரன் சொல்ல எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் சென்னியப்பன் கட்டிங் மேசையில் நின்றார், துணியை வெட்டினார், ஒரே ஒரு கழுத்து அளவைத் தவிர வேறெதிலும் தவறவில்லை. வீட்டில் தாரகை அவருக்குச் சோறு போட்டாள். அவர் தாரகைக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தார். இடையில் ஒருநாள் மாலை அவள் பேச வேண்டியதைப் பேசினாள். ஒரு மணி நேரம் பேசினாள். அம்மா கடைசி வருடத்தில் அவரிடம் ஏன் எதுவும் கேட்டு வாங்கவில்லை என்று தனக்கு இப்போதுதான் புரிகிறது என்றாள். அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேசி முடித்ததும் அவளே எழுந்துபோய் இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள்.

ஒன்பதாம் நாள் பகல் பதினொரு மணிக்கு, விரித்த துணிமேல் அட்டையை வைத்து அவர் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது தாரகை கூப்பிட்டாள்.

"அப்பா. ஒண்ணும் இல்லையாம்."

"ஒண்ணும் இல்லைன்னா?"

"கிருமி இல்ல. செல்லுல மாற்றம் இல்ல. எதுவுமே இல்ல. உடம்பே வெரட்டிப்போட்டுதாம்." சிரிப்பும் அழுகையும் சேர்ந்து அவள் குரல் உடைந்தது. "உங்க பொண்ணு உடம்பு பெரிய ரவுடிப்பா!"

அவர் பக்கத்திலிருந்த துணி ரோலின்மேல் உட்கார்ந்தார். கட்டிங் பிரிவில் இருந்தவர்கள் என்னாச்சு மாஸ்டர் என்று ஓடிவந்தார்கள். அவர் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்லச் சிரிப்பு வந்தது. வேறு எந்த வார்த்தையும் அந்த நேரத்தில் அவருக்குத் தேவைப்படவில்லை.

அன்று மாலை இருவரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒண்ணு கேக்கவே இல்லையேப்பா நீங்க."

"என்னத்தை?"

"ரெண்டு வருசம் அஞ்சு மாசம்னு எழுதியிருந்துச்சே. மகிழ்நனைப் பாத்தே ஒன்றரை வருசம்தான் ஆச்சு."

"இப்ப அது போயிருச்சுல்ல கண்ணு?"

"போயிருச்சு."

"அப்பறம் என்ன?"

"அவங்கிட்ட எல்லாம் சொன்னேன். அவனும் இதேதான் கேட்டான். போயிருச்சான்னு. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் பேசி வெச்சுக்கலையே?" என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகான ஒரு மாதம் சுகாதார நிலையத்தில் திருவிழா மாதிரி இருந்தது. செவ்வாய், வெள்ளி முகாம்களில் 'காத்திருக்கலாம்' என்று சீட்டு வாங்கிய முன்னூற்றுச் சொச்சம் பெண்களைத் தேடிக் கூப்பிட வேண்டியிருந்தது. ஜமுனா மேலே எழுதி அனுமதி வாங்கினார். தாரகை விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து போன் செய்தாள்.

"அக்கா, சுகாதார நிலையத்துல இருந்து பேசறனுங்க. நீங்க அன்னைக்கு முகாமுக்கு வந்தப்ப தலைக்குக் குளிச்சிட்டு வந்தீங்களா?"

"ஏனுங்க, இதைக் கேக்கறதுக்குன்னு ஒரு ஆபீசு வெச்சிருக்கீங்களா?"

"அக்கா, வெச்சுராதீங்க, முக்கியமான விஷயமுங்க..."

இன்னொரு பெண் அந்தப் பெட்டியின் குரலிலேயே, "தாங்கள் யார் பேசுவது?" என்று கேட்டு, பக்கத்திலிருந்தவர்களோடு சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தவளையும் வரவழைத்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கிருமி எப்போதோ போயிருந்தது. பத்தொன்பது பேருக்குப் போகாமல் பழசாகியிருந்தது. கட்டியாக மாறுவதற்கு முந்தைய நிலை. அவர்களைக் கோவைக்கு அழைத்துப்போய், மாறிய இடத்தை மட்டும் நீக்கி, அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பத்தொன்பதில் துளசிமணியோடு அதே வெள்ளிக்கிழமை வரிசையில் நின்ற ஒருத்தியும் உண்டு. சில எண்களை, அந்தப் பெண் இப்போது உயிரோடு இல்லை என்று சொல்ல, வீட்டில் வேறு யாரோ எடுத்தார்கள். அப்போது தாரகை மெதுவாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வைத்துவிடுவாள். கொஞ்ச நேரம் அடுத்த எண்ணை அழுத்தமாட்டாள்.

பெட்டியின் கேள்வியை மாற்றினார்கள். இப்போது அது, "கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி என்ன?" என்று சுற்றி வளைக்காமல் கேட்கிறது. மாற்றிய கேள்வியோடு அது வந்த முதல் முகாம் சென்னியப்பனின் கம்பெனி வாசலில் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமைதான். ஈரத்தலையோடு வந்தவர்கள் பாதிப் பேர். திரைக்குப் பின்னாலிருந்து தேதியைச் சொல்லும் குரல்களும், 'மெதுவாச் சொல்லுடி, ஊருக்கே கேக்குது' என்ற அதட்டல்களும் வந்துகொண்டிருந்தன.

வரிசை முடிந்து ஜமுனா சாமான்களை எடுத்து வைக்கும்போது சென்னியப்பன் வேனில் ஏறினார். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்து, விரலை நீட்டினார்.

"என்னங்ணா இது?"

"எனக்கும் பாருங்க சிஸ்டர்."

"எதுக்கு?"

"அந்த வெள்ளிக்கிழமைக்குப் பதினோரு வருசம் முன்னாடி துளசிக்கு அது எங்கிட்ட இருந்து போயிருக்குமோன்னு."

ஜமுனா பஞ்சை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "போயிருக்கலாம். இருக்க வாய்ப்பு அதிகம்தான். உங்களுக்கே தெரியாம இருந்து, தெரியாமலே போயிருக்கும். ஆம்பளைங்க உடம்பும் பெரும்பாலும் வெரட்டிடும். யாரு குடுத்தான்னு பெட்டிக்குத் தெரியாது. அப்படியே தெரிஞ்சு இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்லீங்க. துளசியை நான் ஒரு கேள்வி கேட்டேன். என்னையும் ஒருத்தர் கேக்கட்டும்."

ஜமுனா அவரைப் பார்த்தார். பிறகு பொத்தானை அழுத்தினார். பெட்டி உயிர்பெற்று, அதே மரியாதையான குரலில், "கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி என்ன?" என்றது.

சென்னியப்பன் விரலை நீட்டியபடியே இருந்தார். பெட்டி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மறுபடியும் கேட்டது. ஜமுனாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அவருக்கும் வந்தது. கண்ணில் நீர் வரும்வரை இருவரும் சிரித்தார்கள்.

"இதுல ஆம்பளைன்னு எழுத ஒரு கட்டமே கெடையாதுங்ணா" என்றார் ஜமுனா. "நானும் மூணு தடவை எழுதிப் போட்டுட்டேன்."

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வேனிலிருந்து இறங்கினார். அடுத்த வருடம் வந்த புதுப் பெட்டியிலும் அந்தக் கட்டம் இல்லை.